நடு ஏரியில் எஞ்சின் இழுக்காவிட்டால்

கோடை வந்தால் எங்கட குடும்பங்களில் பலர் கொட்டேஜ், லேக், போட் என்று வெளிக்கிட்டு விடுவினம். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "அவுட்போர்ட் எஞ்சின் கரையில நல்லா ஓடுது. நடு ஏரியில இழுவை குறையுது, பிறகு தானாச் சரியாகுது. என்ன செய்யிறது?"

விட்டு விட்டு வரும் கோளாறுதான் ஆகக் கரைச்சலானது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக ஓடும். பாரம் இல்லாமல் ஓடுகிற எஞ்சினுக்குக் கொஞ்சப் பெற்றோல் போதும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் போகும்போதுதான் குறை தெரியும். ஆகவே ஊகத்தில் சாமான் மாற்றிக் காசைக் கரைக்க முதல், எஞ்சின் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கோ.

திணறித் திணறி நின்றால் பெரும்பாலும் பெற்றோல் பக்கம். முதலில் டாங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா பாருங்கோ. மூடியிருந்தால் காற்று உள்ளே போகாது, பெற்றோலும் வராது. அடுத்து, குழாயின் நடுவில் உள்ள ரப்பர் பல்ப். இழுவை குறையும்போதே அதை அமுக்குங்கோ. எஞ்சின் உயிர் பெற்றால் பெற்றோல் பம்ப் பலவீனம், அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. பல்ப் சப்பையாகிக் கிடந்தால் டாங்க் பக்கம் அடைப்பு. எத்தனால் கலந்த பெற்றோல் ஈரத்தை உறிஞ்சும். ஃபில்டரில் உள்ளதைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றிவைத்தால் தண்ணீர் அடியில் தங்கும்.

சுவிட்சை அணைத்ததுபோல் டக்கென்று நின்றால் மின்சாரப் பக்கம். பாட்டரி முனைகள் தளர்ந்திருக்கலாம். கையில் கட்டும் அவசரக் கயிற்றின் கிளிப் சரியாகப் பொருந்தாமலும் இருக்கலாம். சூடானதும் நின்று, ஆறியபின் ஸ்டார்ட் ஆனால் இக்னிஷன் கொயிலைச் சோதிக்கச் சொல்லுங்கோ.

அலாரம் அடித்து வேகம் தானாகக் குறைந்தால், பல புதிய எஞ்சின்களில் அது சூட்டிலிருந்து தன்னைக் காக்கிற வேலை. பின்னால் பீச்சும் தண்ணீர் குறைந்திருக்கிறதா பாருங்கோ. எஞ்சினை நிறுத்தி, தூக்கி, தண்ணீர் உறிஞ்சும் துவாரத்தில் பாசியோ பொலித்தீன் பையோ ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கோ. எஞ்சின் சத்தம் ஏறியும் போட் நகராவிட்டால் கோளாறு எஞ்சினில் இல்லை. புரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்குகிறது.

எங்கட வீட்டில் மூத்தவளுக்கு ஒரு கொப்பி. எத்தனை நிமிடத்தில் குறைந்தது, என்ன வேகம், டாங்கில் எவ்வளவு என்று எழுதுவாள். சின்னவனுக்குத் தண்ணீர் பீச்சுதா என்று பார்க்கிற வேலை. "அப்பா, தண்ணி நிண்டிட்டுது!" என்று அலாரத்துக்கு முன்னமே கத்துவான். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, திரும்ப ஓடிப் பார்ப்போம். மெக்கானிக்குக்கு அந்தக் கொப்பியைக் காட்டினால் பாதி வேலை முடிந்தது.

கோளாறு பிடிபடும்வரை பிள்ளைகளைத் தூரம் கூட்டிப் போகாதேங்கோ. கரையிலிருந்து காற்று வெளிநோக்கி அடிக்கிற நாளில் எஞ்சின் நின்றால் போட் ஏரிக்குள்ளேதான் போகும். கனடாவில் 6 மீட்டர் வரையான மோட்டார் போட்டில் துடுப்போ, 15 மீட்டர் கயிறோடு நங்கூரமோ இருக்கவேண்டும் என்பது சட்டம். நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏறவேண்டும். சீட்டுக்குக் கீழே கிடந்தால் பிரயோசனம் இல்லை.