கொல்லிமலைக்கு வந்த கம்ப்யூட்டர்

கொல்லிமலையில் செம்மேட்டைச் சேர்ந்த ஓர் இளைஞர் சில வாரங்களாகப் பட்டுவரும் கஷ்டத்தை நமது வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவருவது நமது கடமையென்று கருதுகிறோம். அவர் மலைவாழ் ஜனங்களுக்கு ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மாணவர் உபகாரச் சம்பளம் முதலியவற்றுக்கான விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டர் மூலம் பூர்த்தி செய்து அனுப்பி, அதில் கிடைக்கும் சொற்பக் கூலியில் ஜீவனம் நடத்துபவர். பழைய யந்திரம் பழுதாகிவிடவே, கையிருப்போடு கடனும் சேர்த்து, ஆன்லைனில் வியாபாரம் செய்யும் கம்பெனியொன்றிடம் முழு விலையையும் முன்னதாகவே செலுத்திப் புதிய கம்ப்யூட்டர் ஒன்றுக்கு ஆர்டர் செய்தார். ஐந்து தினங்களில் வீடு வந்து சேரும் என்பது கம்பெனி கொடுத்த வாக்கு. அது அவர் கைக்கு வந்தது இருபத்திரண்டாவது தினம்.

இடையில் நடந்தது வேடிக்கையானது. மூன்று முறை "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்ற செய்தி அவருடைய கைப்பேசிக்கு வந்தது. மூன்று முறையும் அவர் கடையை விட்டு நகரவில்லை. காரவள்ளியிலிருந்து மேலே ஏறுவதற்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றைக் கடந்து ஒரு பெட்டியைக் கொண்டுவருவதைவிட, ஆள் இல்லையென்று எழுதிவிடுவது சுலபம். கடைசியில் அவரே ஒரு நாள் வேலையை விட்டு பஸ்ஸில் நாமக்கல்லுக்கு இறங்கிப் போய்ப் பெட்டியைச் சுமந்து வந்தார். லாரித் தொழிலுக்கு இந்தியா முழுவதும் பெயர்போன ஊர் நாமக்கல். அதே ஜில்லாவிலுள்ள ஒரு மலைக்கு ஒரு பெட்டி ஏற மாட்டேனென்று அடம்பிடித்ததை என்னவென்று சொல்வது!

பெட்டியைத் திறந்தபின் வேறு விசனம் ஆரம்பமாயிற்று. கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும். பிறகு திடீரென்று நின்றுவிடும். பாதி பூர்த்தியான விண்ணப்பம் மறைந்துபோகும். மின்சாரத்தின் குறையோ என்று அவர் முதலில் சில நாள் சந்தேகித்தார். மறுபடியும் மலையிறங்கி ஒரு மெக்கானிக்கிடம் காட்டியபோது, உள்ளேயிருந்த மெமரித் தகடுதான் பழுது என்று தெரிந்தது. அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தியதும் யந்திரம் நாள் முழுவதும் நிற்காமல் ஓடிற்று. விரல் நீளமுள்ள ஒரு துண்டு! கம்பெனியிடம் முறையிட்டதற்குக் கிடைத்த பதில் மூன்று: மாற்றிக் கொடுப்பதற்கான பத்து தினக் கெடு கடந்துவிட்டது, பெட்டியைத் திறக்கும்போது எடுத்த வீடியோ இல்லாவிட்டால் எதையும் ஒப்புக்கொள்வதற்கில்லை, பழுதுபார்க்க வேண்டுமானால் யந்திரம் முழுவதையும் சொந்தச் செலவில் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும்.

இது ஒரு தனி மனிதரின் சில்லறைத் தகராறு, இதற்குத் தலையங்கம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி ஒன்று உண்டு. அந்தத் தேதிக்குள் செம்மேட்டில் கம்ப்யூட்டர் ஓடாவிட்டால், வளப்பூர் நாட்டிலோ குண்டூர் நாட்டிலோ உள்ள ஒரு மலையாளிக் குடும்பத்துப் பெண் அந்த வருஷத்துப் பணத்தை இழக்கிறாள். சர்க்கார் தன் காரியங்களையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டபிறகு, மலையில் ஒரு யந்திரம் நிற்பதும் ஒரு சர்க்கார் அலுவலகம் மூடிக்கிடப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது; அதே மாதத்தில் மின்னணு வர்த்தக விதிகளும் பிறந்தன. பொருள் பழுதாயிருந்தாலும், சொன்ன கெடுவுக்குப் பிந்தி வந்தாலும், விற்றவர் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாதென்பது அவ்விதிகளின் உத்தரவு. தாமதத்துக்கு மனித சக்திக்கு மீறிய காரணம் இருந்தால் மட்டுமே விலக்கு. முறையீடு கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு செய்ய வேண்டும். கடைக்காக வாங்கிய யந்திரம் வியாபார நோக்கமுள்ளது, ஆகவே இவர் நுகர்வோரே அல்ல என்று ஒரு கெட்டிக்கார வக்கீல் வாதிக்கக்கூடும். அந்த வாதமும் நிற்காது. சுயதொழிலால் பிழைப்பதற்கென்றே வாங்கிய பொருள் வியாபார நோக்கத்தில் சேராதென்று சட்டமே விளக்கம் கூறியிருக்கிறது.

வியாஜ்யம் தொடுப்பதற்கும் வழி நன்றாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. கம்பெனி எந்த நகரத்தில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் ஜில்லாவின் கமிஷனிலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. புகாரை ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். வீடியோ மூலம் விசாரிக்கவும் சட்டம் இடந்தருகிறது. எதிர்க்கட்சிக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள், பொருளைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்துக்குள், முடிவு சொல்ல முயல வேண்டுமாம். ஆயினும், பரிசோதனைச் சாலைக்கு அனுப்பும்போது அதற்குரிய தொகையை முதலில் கட்டும்படி புகார் செய்தவரிடமே கமிஷன் கோரலாம் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

உண்மையான முடிச்சு வேறோரிடத்தில் இருக்கிறது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் நமது வக்கீல்கள் எல்லோரும் படித்ததுதான். அதன் 43-வது பிரிவின்படி, நியாயமான காரணத்தோடு சரக்கை வேண்டாமென்று மறுப்பவர் அதை விற்றவரிடம் திருப்பி அனுப்பக் கடமைப்பட்டவரல்லர். மறுத்துவிட்டதாகத் தெரிவித்தாலே போதும். வந்து எடுத்துக்கொண்டு போவது விற்றவரின் பாடு. ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன், அந்நிய ஆட்சியில் இயற்றப்பட்ட சட்டம் இவ்வளவு நியாயமாகப் பேசுகிறது. ஆனால் அந்தப் பிரிவு "வேறுவிதமான உடன்பாடு இல்லாத பட்சத்தில்" என்ற பொருளுள்ள சொற்களோடு ஆரம்பமாகிறது. அந்தச் சிறு வாசல் வழியாகத்தான் இன்றைய கம்பெனிகள் உள்ளே நுழைகின்றன. ஆர்டர் செய்யும்போது "சம்மதம்" என்ற கட்டத்தை விரலால் தொடுகிறோமல்லவா? அதன் பின்னால் பல பக்க நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. பத்து தினக் கெடுவும், வீடியோவும், சொந்தச் செலவில் திருப்பி அனுப்புவதும் அங்கேதான் இருக்கின்றன. தொடாவிட்டால் பொருள் கிடையாது. பேரம் பேச எதிரில் மனிதரும் கிடையாது.

இத்தகைய ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று தள்ளிவிட 2019-ஆம் வருஷத்துச் சட்டம் புதிதாக வழி செய்திருக்கிறது. அதைப் பெரிதும் பாராட்டுகிறோம். ஆனால் அந்த அதிகாரத்தை அது யாருக்குக் கொடுத்தது? மாகாணக் கமிஷனுக்கும் தேசியக் கமிஷனுக்கும். ஜில்லாக் கமிஷனுக்கு இல்லை. பழுதான தகட்டுக்கு நாமக்கல்லில் நியாயம் கேட்கலாம். அந்த நியாயத்தைத் தடுக்கும் நிபந்தனையை எதிர்ப்பதற்கு மாகாணக் கமிஷனுக்குப் போக வேண்டும். சில ஆயிரம் ரூபாய் மெமரிக்காக எவர் போவார்? ஒருவரும் போகமாட்டார் என்பது கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும்.

நிரூபிக்கும் பாரத்தை வாங்கியவர் தலையில் சுமத்துவது நமது நாட்டுக் கம்பெனிகள் மட்டும் கண்டுபிடித்த தந்திரமல்ல. 1994-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் இன்டெல் கம்பெனியின் பென்டியம் சில்லில் ஒரு பிழை இருந்தது; சில வகுத்தல் கணக்குகளில் அது தவறான விடை தந்தது. தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் அதைக் கண்டுபிடித்தார். சாதாரண உபயோகத்தில் 27,000 வருஷத்துக்கு ஒருமுறைதான் தவறு நேருமென்றும், துல்லியமான கணக்கு தமக்கு அவசியமென்று காட்டுபவர்களுக்கே மாற்றிக் கொடுப்போமென்றும் கம்பெனி கூறிற்று. ஜனங்கள் கொதித்தெழுந்தனர். டிசம்பர் 12-ஆம் தேதி ஐ.பி.எம். கம்பெனி அந்தச் சில் பொருத்திய யந்திரங்களை அனுப்புவதை நிறுத்தி, தன் கணக்கில் 24 நாளுக்கு ஒரு தவறு நேரலாம் என்று அறிவித்தது. எட்டே நாளில், 20-ஆம் தேதி, கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் கேளாமல் மாற்றித் தர இன்டெல் இணங்கிற்று. அதன் பொருட்டு அக்கம்பெனி ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். நைஸ்லிக்குப் பின்னால் ஐ.பி.எம். நின்றது. செம்மேட்டு இளைஞருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?

தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாத் தாமதமும் குற்றமென்று நாம் சாதிக்கவில்லை. 2011-ஆம் வருஷத்தில் தாய்லாந்தில் பெரு வெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் நீரில் மூழ்கியபோது, உலகமெங்கும் அந்தச் சரக்குக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை ஏறிற்று. அதற்கு எந்த வியாபாரியும் பொறுப்பல்ல. கொண்டை ஊசி வளைவுகள் வெள்ளமுமல்ல, பூகம்பமுமல்ல. ஆர்டர் எடுத்துக்கொண்ட தினத்திலும் அவை அங்கேதான் இருந்தன. மலைக்குப் பொருளை அனுப்ப இயலாதென்றால் அதைப் பணம் வாங்குமுன் சொல்லிவிடலாம். மலையின் பணம் மட்டும் ஒரு நொடியில் இறங்கி வந்துவிடுகிறது.

சர்க்கார் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பழுதான பொருளை, அது எந்த வாசலில் கொடுக்கப்பட்டதோ அதே வாசலில் வந்து விற்றவர் தம் செலவில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமென்று மின்னணு வர்த்தக விதிகளில் ஒரு வாக்கியம் சேர்க்கட்டும். அதற்கு மாறாக எந்தச் "சம்மத"மும் செல்லாதென்றும் சேர்க்கட்டும். கெடு பெட்டி வந்த நாளிலிருந்து கணக்கிடப்படாமல் பழுது வெளிப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படட்டும். மெமரித் தகட்டின் கோளாறு மாம்பழத்தின் அழுகலைப்போல் மேலே தெரிவதில்லை. நியாயமற்ற ஒப்பந்தங்களை விசாரிக்கும் அதிகாரத்தை ஜில்லாக் கமிஷன்களுக்கும் கொடுக்கப் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்த வேண்டும். நமது அங்கத்தினர்கள் இதைச் சபையில் எழுப்புவார்களா?

அதுவரையில் இளைஞருக்கு நாம் கூறும் யோசனை ஒன்றுண்டு. யந்திரத்தைப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டாம். பழுதைக் கண்ட மெக்கானிக்கிடம் தேதியிட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். "வாடிக்கையாளர் இல்லை" என்ற மூன்று செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, பொருளை மறுப்பதாகக் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதட்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யட்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால் நாமக்கல் கமிஷனில் புகாரைத் தாக்கல் செய்யலாம். அதற்கு இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. மலையிலுள்ள மற்றவர்களுக்கும் இதே அநுபவம் நேர்ந்திருந்தால், ஒத்த குறையுள்ள பலர் சார்பில் கமிஷனின் அனுமதி பெற்று ஒரே புகாராகக் கொடுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.