கத்தியின் விலையும் பெறுமதியும்

எமது கிராமங்களில் ஒரு குடும்பத்தின் உடைமைகளைக் கணக்கெடுக்க வருவோர் மாடு, சைக்கிள், நீரிறைக்கும் இயந்திரம் என்று எழுதிக்கொண்டு போவார்கள். கத்தியை எவரும் எழுதுவதில்லை. ஆனால் விடிந்தால் முதலில் கைக்கு வருவது அதுதான். வேலிக்குக் கதியால் வெட்டவும், அலம்பல் தறிக்கவும், ஆட்டுக்குக் குழை வெட்டவும், ஓலை வாரவும், முதுகால் தேங்காய் உடைக்கவும், சில வீடுகளில் மீன் வெட்டவுங்கூட ஒரே கத்திதான். இவ்வளவு உழைக்கும் ஒரு கருவியை வாங்கும்போது மட்டும் நாம் விலையைத் தவிர வேறொன்றையும் கேட்பதில்லை.

2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில வாரங்களிலேயே 360 ரூபா வரை ஏறியபோது இரும்புச் சாமான்களின் விலையும் கூடவே ஏறியது. அதன்பின் கத்தி வாங்கப் போகிறவர் இன்னும் மலிவானதைத் தேடுவது இயல்பே. ஒரு பேச்சுக்குக் கணக்குப் பார்ப்போம். சந்தையில் 900 ரூபாவுக்கு வாங்கும் மெல்லிய கத்தி ஒரு மாரியைத் தாண்டாது என்றால், ஐந்து ஆண்டில் 4,500 ரூபா போய்விடும். கொல்லரிடம் 2,500 ரூபாவுக்குச் செய்வித்த கத்தி அந்த ஐந்து ஆண்டும் இருந்து, ஆறாம் ஆண்டும் தீட்டுக்கல்லுக்குப் போகும். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் போக்கு மாறாது. இது எமது மக்களுக்குத் தெரியாத கணக்குமல்ல. அன்று கையில் இருப்பது 900 ரூபாதான் என்பதே சிக்கல். எமது கடன் சங்கங்கள் விதைநெல்லுக்குக் கொடுக்கின்றன, கோழிக்குஞ்சுக்குக் கொடுக்கின்றன. நல்ல கத்தியொன்றுக்குக் கடன் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

சரி, நல்ல கத்தி எது? இரும்பு எல்லாம் ஒன்றல்ல. கதவுக் கம்பிக்கும் ஆணிக்கும் போகும் மென்னிரும்பில் காபன் நூற்றுக்கு 0.2 அளவில்தான் இருக்கும். அதை எவ்வளவு காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. லொறியின் வில்லுத்தகட்டு உருக்கில் காபன் 0.6 அளவில் உண்டு. அது தோய்ச்சலை ஏற்கும். இந்த வேறுபாட்டை அறிந்த நாடுதான் எமது நாடு. பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவப் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு, கி.பி. 7 ஆம் நூற்றாண்டிலிருந்து 11 ஆம் நூற்றாண்டு வரை உலைகள் எரிந்தன. தொல்லியலாளர் கில் ஜூலெஃப் 1994 இல் அவ்வாறான உலையொன்றைக் கட்டி எரித்தே பார்த்தார். அதில் உருக்கும் கிடைத்தது. ஆனால் இன்று கடையில் கத்தி எடுக்கும்போது, இது இரும்பா உருக்கா என்று கேட்பாரில்லை.

பழைய வில்லுத்தகட்டில் கொல்லர் அடிக்கும் கத்தியே குறைந்த பணத்தில் எமக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த கத்தி என்பது எமது எண்ணம். ஆனால் வில்லுத்தகடு என்று சொன்னவுடன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. பல்லாயிரம் மைல் ஓடி வளைந்து நிமிர்ந்த தகட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கலாம். நடு ஆணித் துளையை அண்டிய பகுதியைத் தவிர்த்து எடுக்கச் சொல்வது நல்லது. அதைவிட முக்கியம் தோய்ச்சல். உருக்கு காந்தத்தில் ஒட்டாத நிலையை அடைந்து அதற்குச் சற்று மேலும் சூடேறியபின் தோய்க்கவேண்டும். கம்மாலை இருளாக இருப்பது இந்த நிறத்தைக் கண்ணால் பிடிப்பதற்காகத்தான். யன்னல் வைக்க வசதியில்லாததால் அல்ல. வில்லுத்தகட்டைத் தண்ணீரில் தோய்த்தால் வெடிக்கும் ஆபத்து அதிகம்; எண்ணெய் பாதுகாப்பானது. தோய்த்ததோடு வேலை முடிவதுமில்லை. அந்த நிலையில் கத்தி கண்ணாடிபோல உடையும். அலகை மினுக்கி, மீண்டும் மெதுவாகச் சூடுகாட்டி, வைக்கோல் நிறம் வரும்போது நிறுத்தினால் ஓலை வாரும் சிறு கத்திக்குப் பொருந்தும். கதியால் வெட்டும் பெரிய கத்திக்குக் கபில நிறமும் தாண்டி ஊதா எட்டிப்பார்க்கும்வரை விடலாம். அது சற்று மென்மையாக இருக்கும், ஆனால் கணுவில் பட்டாலும் உடையாது. “எதில் தோய்ச்சனீங்கள், பிறகு சூடு காட்டினீங்களோ?” என்று கேளுங்கள். நல்ல கொல்லர் இந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார். மகிழ்ந்து அரைமணி நேரம் பேசுவார்.

கடையில் வாங்குவோருக்குக் கேட்பதற்குக் கொல்லர் இல்லை. எனவே சோதித்தே பார்க்கவேண்டும். சட்டைப்பையில் சிறிய அரம் ஒன்றைக் கொண்டுபோகலாம். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பிடியை அண்டிய இடத்தில் கூரின்மேல் மெதுவாக ஒரு தரம் இழுத்தால் போதும். வெண்ணெயில் போவதுபோல அரம் கடித்துக்கொண்டு போனால் அது வெறும் இரும்பு. கண்ணாடியில் வழுக்குவதுபோல வழுக்கினால் மிகக் கடினம், உடையக்கூடும். மனமில்லாமல் கொஞ்சம் கடித்தால் அது எமக்குரியது. சிலர் கத்தியைத் தட்டி ஓசை கேட்பார்கள். அதில் நாம் அதிகம் நம்பிக்கை வைப்பதில்லை.

காந்தச் சோதனை பற்றியும் ஒரு சொல். பாத்திரங்கள் செய்யப் பயன்படும் நிக்கல் கலந்த கறள் பிடியா உருக்கு எவ்வளவு தோய்த்தாலும் கடினமாகாது. காந்தமும் அதில் சரியாக ஒட்டாது. ஆகவே காந்தம் ஒட்டாத பளபளப்பான கத்தியை வைத்துவிட்டு வரலாம். ஆனால் ஒட்டினால் நல்ல கத்தி என்று பொருளல்ல. ஆணியிலும்தான் காந்தம் ஒட்டும். இன்னொன்று, கூரின் ஓரமாக நீலம் பாய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். மின்சாரக் கிறைண்டரில் அவசரமாகப் பிடித்துச் சூடேற்றிய அடையாளம் அது. அந்த இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது. எத்தனை தரம் தீட்டினாலும் கூர் நில்லாது.

மடக்காத கத்தியின் உயிர் பிடிக்குள் இருக்கிறது. அலகு எவ்வளவு நல்லதாயினும் அதன் வால் பிடிக்குள் ஒரு அங்குலந்தான் போகிறது என்றால், ஓங்கி வெட்டும் ஒருநாள் அலகு கழன்று பக்கத்தில் நிற்பவர்மேல் பாயும். வால் பிடியின் மறுமுனை வரை போய் மடிக்கப்பட்டிருக்கவேண்டும், அல்லது அலகின் அகலத்திலேயே நீண்டு இரு பக்கமும் பலகை வைத்து ஆணி அறையப்பட்டிருக்கவேண்டும். மலிவான கத்திகள் சிலவற்றில் வாலைத் தனியாக வெல்டிங் செய்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டைப் பூண் மறைத்திருக்கும். பூண் வழமையைவிட நீளமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பிடி முதிரையோ பாலையோ எதுவாயினும் மரம் நன்கு காய்ந்திருப்பதே முக்கியம். பச்சை மரம் காய்ந்து சுருங்க, கத்தி ஆடத் தொடங்கும்.

பாரம் பற்றி எவரும் பேசுவதில்லை. “கனமான கத்தி நல்ல கத்தி” என்ற எண்ணம் எமது ஆண்களிடம் ஊறிப்போயிருக்கிறது. அவர்கள் தூக்கிப் பார்த்து வாங்கும் கத்தியைப் பெரும்பாலும் பிடிப்பது பெண்கள். யுத்தத்தின் பின் பெண்களே தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த வன்னிப் பகுதியில் இது சிறிய விடயமல்ல. ஒரேயொரு கத்திதான் வாங்கமுடியும் என்றால், ஒன்பது பத்து அங்குல அலகும், முதுகில் நான்கு ஐந்து மில்லிமீற்றர் தடிப்பும், கூரை நோக்கி நன்கு மெலிந்து வருவதுமான கத்தியை நாம் சிபாரிசு செய்வோம். பயன்படுத்தப் போகிறவரையே கடைக்கு அழைத்துச் சென்று, பிடித்து இரண்டு தரம் வீசிப் பார்க்கவிடுங்கள். கை பெரிதா சிறிதா என்பது பிடிக்குத் தெரியாது.

இனிச் சற்றுக் கசப்பான பகுதிக்கு வருவோம். 2009 இல் யுத்தம் முடிந்து மீள்குடியேறிய குடும்பங்களுக்குத் தகரம், மண்வெட்டி, கோடாலி, கத்தி என்று பொதிகள் வழங்கப்பட்டன. பின்னர் வெள்ளம், வரட்சி வந்தபோதும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் எமக்கு ஐயமில்லை. ஆனால் இவ்வாறான கொள்வனவுப் பட்டியல்களில் கத்திக்கு எதிரே “கத்தி – 1” என்பதைத் தவிர வேறு விபரம் எழுதப்படாமல் இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறோம். மூன்று விலைமனுக்கள் கோரப்படும். ஆகக் குறைந்ததற்கு ஓடர் போகும். விபரம் இல்லாத இடத்தில் ஆகக் குறைந்த விலை என்பது பெரும்பாலும் மென்னிரும்பையே கொண்டுவரும். முதல் முதிரைக் கட்டையிலேயே கூர் மடிந்துபோன கத்தி பின்னர் அடுப்படியில் விறகு கிளற உதவுகிறது. அதே வேளையில், இலவசக் கத்தி வந்திறங்கிய ஊரில் கொல்லரிடம் கத்தி வாங்க ஆளில்லை. அவர் துருத்தியை மூலையில் சாய்த்துவிட்டு மேசன் வேலைக்குப் போகிறார். மகன் அந்தத் தொழிலைப் பழகவே இல்லை. ஊரில் கொல்லர் இல்லாமற்போனால் புதிய கத்தி மட்டுமல்ல, மழுங்கிய கோடாலியைக் காய்ச்சி அடித்துத்தரவும் ஆளில்லை.

ஐந்நூறு கத்தியை இரண்டு கிழமையில் எந்தக் கொல்லர் தருவார், அவரிடம் வியாபாரப் பதிவும் பற்றுச்சீட்டும் உண்டா என்று நிறுவனங்களில் பணியாற்றும் நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கணக்காய்வாளருக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்களே. ஆயினும் நான்கைந்து ஊர்க் கொல்லர்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் பற்றுச்சீட்டு எழுதுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. தகட்டுக்கும் கரிக்கும் முற்பணம் கொடுத்து, ஐம்பது ஐம்பதாகப் பெற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு கத்தியிலும் செய்தவரின் குறி பொறிக்கப்படவேண்டும் என்றும், இருபதுக்கு ஒன்றை எடுத்துக் காய்ந்த மூங்கிலிலும் சிரட்டையிலும் வெட்டிப் பார்ப்போம் என்றும் எழுதிவிட்டால், விலைமனுவின் தன்மையே மாறிவிடும். கூர் மடிந்தால் மென்மை கூடிவிட்டது, உதிர்ந்தால் கடினம் கூடிவிட்டது. இரண்டையும் கொல்லர் திருத்தித் தரமுடியும். கொழும்பிலிருந்து வரும் பெட்டியைத் திருப்பி அனுப்பித் திருத்துவிக்க முடியாது.

வாங்கியபின் செய்யவேண்டியவை கொஞ்சந்தான். உருக்குக் கத்தி கறள் பிடிக்கும், அதற்காக அஞ்சவேண்டாம். வேலை முடிய மரப்பாலைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். கரையோரத்தில் உப்புக்காற்று இருப்பதால் இதில் தவணை விடக்கூடாது. தீட்டுவதைக் கல்லிலேயே செய்யுங்கள். சாணைச் சக்கரக்காரரிடம் கொடுத்தால் பக்கத்தில் நின்று அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள்.

காலபோகத்துக்குக் காடு வெட்டும் புரட்டாதியில் கம்மாலையில் கூட்டம் நிற்கும். அப்போது போனால் அவசர வேலைதான் கிடைக்கும். ஆடியில் நெருக்கடி குறைவு. தகடு தேடவும் தோய்ச்சலைப் பொறுமையாகப் பார்க்கவும் அவருக்கு நேரம் இருக்கும். பணத்தையும் இரண்டு தவணையாகக் கொடுக்கக் கேட்டுப் பார்க்கலாம்.