மைனஸ் போட்டால் மலை!

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, தூக்கம்தான் என் லட்சியம். பக்கத்தில் அக்கா பையன். ப்ளஸ் ஒன். கையில் செல்போன்.

"ஏண்டா மாப்ளே, கேமா?"

"இல்ல மாமா, கணக்கு."

திடுக்கிட்டு எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே கணக்குதான்! கிராஃப் வரைகிற கால்குலேட்டர். 1985-ல் காஸியோ கம்பெனி உலகத்திலேயே முதலாவதாகச் செய்து விற்ற சாமான். என் கண்ணிலேயே பட்டதில்லை. இன்றைக்கு 'ஜியோஜீப்ரா' என்று செல்போனிலேயே இலவசம். டவர் போனாலும் கோடு போடும்.

கச்சிராயபாளையம் தாண்டியதும் கல்வராயன் மலை எழுந்து நின்றது.

"மாமா, மலை வரையட்டுமா?"

எக்ஸ் ஸ்கொயர் என்று அடித்தான். பள்ளம் வந்தது. முன்னால் ஒரு மைனஸ் போட்டான். பள்ளம் குப்புறக் கவிழ்ந்து மலையாகிவிட்டது! மைனஸ் 5 எக்ஸ் ஸ்கொயர்: ஒல்லிக்குச்சி மலை. மைனஸ் 0.1: சாவகாசமான மலை. எங்கள் காலத்தில் டேபிள் போட்டு, புள்ளி வைத்து, பென்சில் சீவி, ஒரு பீரியடுக்கு ஒன்று வரைவோம். அதுவும் கோணலாக.

மைனஸை எடுத்துவிட்டுப் பள்ளத்துக்கே திரும்பினான். பிராக்கெட்டில் எக்ஸ் மைனஸ் 3, அதற்கு ஸ்கொயர். பள்ளம் வலது பக்கம் நகர்ந்தது.

"மைனஸ்னா இடது பக்கம்தானே போகணும்? ஏன் மாமா வலது பக்கம் போகுது?"

கொண்டை ஊசி வளைவில் டிரைவர் கியரை மாற்றினார். நான் பேச்சை மாற்றினேன்.

இதே கேள்வியை அந்தக் காலத்தில் நானும் கேட்டேன். "பெரிய ராமானுஜம்!" என்று வாத்தியார் என்னை பெஞ்சு மேல் ஏற்றினார். அதோடு சரி. மனப்பாடம் பண்ணிப் பாஸாகி, ஆபீசில் வருகிற சர்க்குலருக்கெல்லாம் ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டு வருகிறேன்.

பையன் விடவில்லை. 3-ஐ 4 ஆக்கினான், 5 ஆக்கினான், மைனஸை ப்ளஸ் ஆக்கினான். நாலு வளைவு கடந்ததும் கத்தினான்:

"பள்ளத்தோட அடி, பிராக்கெட் பூஜ்யமாகிற இடத்துலதான் மாமா! எக்ஸ் 3-ஆ இருந்தாத்தானே எக்ஸ் மைனஸ் 3 பூஜ்யம்? அதான் வலது பக்கம்!"

மிஷின் காட்டியது கோடு மட்டும்தான். காரணம் அவனுடையது. எத்தனை தடவை தப்பாகக் கேட்டாலும் மிஷின் பிரம்பை எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

"வெள்ளிமலை! எல்லாம் இறங்கு!" என்றார் கண்டக்டர்.

அவன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். நான் அந்த பெஞ்சிலிருந்தும் இறங்கினேன்.