வணிகத்தில் பரிந்துரையும் ஒரு சாட்சியம்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ தோல் பதனிடும் ஒருவருக்கு, கடைத்தெருவில் நடந்து செல்லும் மனிதர் வாடிக்கையாளர் அல்லர். காலணி தயாரிக்கும் நிறுவனமே வாடிக்கையாளர். அத்தகைய சில நிறுவனங்களை நம்பியே அவருடைய தொழில் நடக்கிறது. இங்கே சுவரொட்டிக்கும் தொலைக்காட்சி விளம்பரத்திற்கும் பெரிய வேலையில்லை. வாங்க நினைப்பவர், ஏற்கெனவே வாங்கிய ஒருவரை அழைத்து, "சரக்கு எப்படி? சொன்ன தேதிக்கு வந்து சேருகிறதா?" என்று விசாரிப்பார். அந்த ஒரு பதிலில் வணிகம் அமையும் அல்லது கைநழுவும்.

அந்தப் பதிலைச் சொல்கிறவர்கள் பல நேரங்களில் நாம்தாம். மச்சானின் நிறுவனம், சம்பந்தியின் மண்டி, ஒரே ஸஃப்பில் தொழுகின்ற சகோதரரின் தொழிற்சாலை என்றால், "நம்ம ஆளுதான், தாராளமாக வாங்கலாம்" என்று சொல்லிவிடுகிறோம். அவரிடமிருந்து ஒரு சதுர அடித் தோலேனும் வாங்கியிருக்கிறோமா என்று நம்மை நாமே கேட்பதில்லை. உறவுக்குச் செய்த உபகாரமாக அது நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அச்சொல்லை நம்பி வாங்கிய சரக்கு தரமற்றதாகி ஏற்றுமதி தடைப்பட்டால், தைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கே முதலில் வேலை நின்றுபோகும். அவர்கள் நம்மிடம் எதுவும் கேட்கவில்லையே!

குறையைச் சொன்னால் புறமாகிவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள், தம்மை மணக்க விரும்பிய இருவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, ஒருவருடைய வறுமையையும் மற்றவருடைய கடுமையையும் நபியவர்கள் மறைக்காமல் எடுத்துரைத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது. ஆலோசனை கேட்பவரிடம் தேவையான அளவுக்கு உண்மையைச் சொல்வது தடுக்கப்பட்ட புறத்தில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்களும் விளக்கியுள்ளார்கள். திருமணத்திற்குப் பொருந்துவது கொள்முதலுக்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம்.

இன்று வாய்ச்சொல்லின் இடத்தை எழுத்தும் பிடித்து வருகிறது. வாங்குபவர் தொலைபேசியை எடுப்பதற்கு முன்பே இணையத்தில் தேடிப் படித்துவிடுகிறார். ஆகவே நிறுவனங்கள் வலைப்பதிவு எழுதுகின்றன. நல்ல வழிதான். ஆனால் வாடிக்கையாளர் பெயரில் தாங்களே புகழுரை எழுதிக்கொள்வதும், பட்டதாரிப் பிள்ளைகளுக்குக் கூலி கொடுத்து எழுதவைப்பதும் இதனுடன் சேர்ந்தே வளர்கின்றன. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்டுப் பிறரை ஏமாற்றும் 'நஜ்ஷ்' என்னும் செயலை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்காத சரக்கைப் புகழ்வது அதிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது? இணையக் கருத்துரைகளுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஒரு தரநிலையை வெளியிட்டது. அது வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நமக்கு இந்தத் தடை இருந்தது.

எனில் எதைத்தான் எழுதுவது? தொழிலை எழுதலாம். உடலில் படும் தோல் பொருள்களில், ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஆறாம் நிலைக் குரோமியம் இருந்தால், 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றை விற்க முடியாது. பதனிடப் பயன்படுத்துவது மூன்றாம் நிலைக் குரோமியமே. எனினும் வெப்பம், வறண்ட காற்று, பொருத்தமற்ற கொழுப்பெண்ணெய் ஆகியவற்றால் அதில் ஒரு பகுதி ஆறாம் நிலைக்கு மாறிவிடக்கூடும். கொள்முதல் அதிகாரியின் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். எந்த எண்ணெயை ஏன் மாற்றினோம், தாவரச் சாற்றால் மறுபதனிடுவது எவ்வளவு தூரம் உதவியது, கிடங்கில் ஈரப்பதத்தை எவ்வாறு காக்கிறோம், எந்த ஆய்வகத்தில் சோதிக்கிறோம், எந்தத் தொகுதி தேறவில்லை என்றெல்லாம் ஒருவர் எழுதட்டும். "உலகத் தரம்" என்று நூறு முறை எழுதுவதைவிட, தேறாத அந்தத் தொகுதியைப் பற்றிய ஒரு பத்தியே வாங்குபவரைத் தொலைபேசியில் அழைக்க வைக்கும். போட்டியாளர் இரகசியத்தைக் கற்றுக்கொள்வாரே என்பார்கள். கலவையின் அளவுகளை எழுதச் சொல்லவில்லை. கவனத்தை எழுதச் சொல்கிறோம்.

நாளை ஒருவர் நம் உறவினரின் நிறுவனத்தைப் பற்றி விசாரித்தால், வாங்கிப் பார்க்காத நிலையில், "நான் அவரிடம் வாங்கியதில்லை, வாங்கியவர் ஒருவரைத் தெரியும், அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லலாம். உறவினர் சற்று வருந்தக்கூடும். அவரிடமும் அதே சொற்களில் சொல்லிவிடலாம்.