தவளைக்கு மட்டும் கம்ப்ளைன்ட்

ஐப்பசியில் ஒரு பெருமழை கொட்டி ஓய்ந்த ராத்திரி, எங்க எண்ணூர் எப்படி இருக்கும் தெரியுமா? கரண்ட் போயிருக்கும். அதை விடுங்க, அது பழகிப் போச்சு. எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் ட்ரெய்லர் வரிசை கட்டி நிற்கும். ஒரு இஞ்ச் நகர வழியில்லை என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். இருந்தாலும் ஏர் ஹாரன். யாரை நகரச் சொல்றாங்க? முன்னால நிக்கிறவன் கடல்லயா இறங்குவான்?

இந்த அமளிக்கு நடுவில், எங்க வீட்டுப் பின்பக்கத்துக் காலி மனையில் தேங்கின தண்ணீரில் தவளை கத்த ஆரம்பிக்கும். பாவம், அதுக்கு வருஷத்தில் இருக்கிற சீசனே இந்தச் சில ராத்திரிகள்தான்.

கத்துவது ஆண். பெண்ணைக் கூப்பிடவும் அந்தச் சத்தம்தான், பக்கத்துல வராதே என்று இன்னொரு ஆணை மிரட்டவும் சத்தம்தான். வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டு, நுரையீரலுக்கும் தொண்டைப் பைக்கும் நடுவே காற்றை மாற்றி மாற்றித் தள்ளி எழுப்புகிறது. அந்தப் பெரிய தவளையைப் பார்த்திருப்பீங்க. மற்ற நாளில் சேற்று நிறத்தில் கிடக்கும். இப்போ ஆண் மட்டும் எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டைக்கு இரண்டு பக்கமும் நீலப் பை புடைக்க உட்கார்ந்திருக்கும். மாப்பிள்ளை முறுக்குன்னா அதுதான். இன்னொரு பக்கம், 2 அல்லது 2.5 செ.மீ. தேறினாலே அதிகம் என்கிற பொடித் தவளை. சத்தத்தைக் கேட்டால் ஆள் பெரிசு என்று நினைப்பீங்க.

ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குரல். தன் இனத்துக் குரலை எடுக்கிற மாதிரியே பெண்ணின் காது அமைஞ்சிருக்கு. பல இனங்களில் கட்டைக் குரலுக்குத்தான் மவுசு. குரல் கட்டையாக இருந்தால் உடம்பு பெரிசு என்று கணக்கு. கத்திக் கத்தி உடம்பு ஓய்ஞ்சு போகும். கத்துகிற இடம் பாம்புக்கும் தெரிஞ்சு போகும். வாயால் கெடும் என்று பழமொழி சொல்லிட்டோம், வாயை மூடினால் வாரிசே இல்லை என்பதைச் சொல்லலை. இதில் சில ஆண்கள் சத்தமே போடாது. கத்துகிறவன் பக்கத்தில் பம்மியிருந்து, அவனைத் தேடி வருகிற பெண்ணை வழியிலேயே மடக்கிடும். இந்த ரகம் இல்லாத ஆபீஸ் உண்டா, சொல்லுங்க?

சரி, இத்தனை பாடுபட்டுக் கத்துறது ஹாரனைத் தாண்டிக் கேட்குமா? மெல்போர்னில் ரோட்டோரத் தவளைகளை ஆராய்ந்து 2009-ல் எழுதியிருக்காங்க. டிராஃபிக் இரைச்சல் அதிகமான இடத்தில் ஆண் தவளை குரலைக் கீச்சென்று ஏத்திக்கிட்டுக் கத்துதாம். அந்த இரைச்சலில் கீச்சுக் குரல்தான் தூரம் கேட்கும், ஆனால் கட்டைக் குரல் தேடுகிற பெண்ணுக்குப் பிடிக்கணுமே! கேட்டால் பிடிக்காது, பிடிச்ச குரல் கேட்காது. சத்தத்தை மட்டும் நம்பாத தவளையும் இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் நடனத் தவளைகள் உண்டு. தண்ணீர் இரைச்சலில் குரல் எடுபடாத இடத்தில் பின்னங்காலை நீட்டி ஆட்டிக் காட்டும். எங்க ஊர்த் தவளையும் காலாட்டிப் பார்க்கலாம். கரண்ட் இல்லாத ராத்திரியில் அதை எந்தப் பெண் பார்க்கும்?

இரைச்சலுக்குச் சட்டம் இருக்கு சார், இல்லாமலா? 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி, குடியிருப்புப் பகுதியில் ராத்திரி 10 மணிக்கு மேல 45 டெசிபல்தான். நல்ல விதி. லாரிக்காரருக்கு யாராவது படிச்சுக் காட்டினால் சிரிச்சுட்டு இன்னொரு ஹாரன் அடிப்பார்.

தண்ணீர் மட்டும் என்ன வாழுது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கக் கறுப்பாச்சு, வீட்டுச் சுவரில் கோடு விழுந்துச்சு. தவளை தோல் வழியாகவே தண்ணீரை உறிஞ்சுகிற ஜீவன். நாமாவது கேன் தண்ணீர் வாங்குறோம்.

போன மழைக்கு எங்க தெருவில் ஒரு மனு கிளம்புச்சு. என்னவோ ஹாரனுக்குத்தான் என்று ஆசையாகப் பேனாவை எடுத்தேன். படிச்சால்: தவளைச் சத்தத்தில் தூக்கம் கெடுகிறது, காலி மனையில் பிளீச்சிங் பவுடர் போட்டு, ரப்பிஷ் கொட்டி மூடவும்.

"ஏம்ப்பா, அப்படியே அந்த ஏர் ஹாரனையும் ஒரு வரி சேர்த்து எழுதேன்" என்றேன்.

மனு கொண்டுவந்த தம்பி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அதெல்லாம் நம்மளால ஆவுற வேலையாண்ணே? இன்னாண்ணே நீ! தவளைன்னா ஒரே நாள்ல முடிச்சிரலாம்."