மலைக்குப் போகலாமா எனக் கேளுங்கள்

சித்திரை பிறந்து, பள்ளிகளுக்கு விடுமுறை தொடங்கியதும் புறநோயாளர் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. பெரும்பாலும் அது மருத்துவரிடம் கேட்கப்படுவதில்லை. மருந்து வாங்கும் இடத்தில், செவிலியரிடம், தாழ்ந்த குரலில் கேட்கப்படுகிறது. “பிள்ளைகள் மலைக்குப் போகலாம் என்கிறார்கள். அப்பாவையும் அழைத்துச் செல்லலாமா?” இதற்கு நாங்கள் நெடுங்காலம் சொல்லிவந்த விடை, “வேண்டாம்” என்பதே. அவ்விடை பல வேளைகளில் தவறானது என்று இன்று கருதுகிறோம்.

“வேண்டாம்” என்பது சொல்பவருக்கு எளிது. கேட்பவருக்கோ இரண்டே வழிகளை அது விட்டுவைக்கிறது. ஒன்று, குடும்பம் முழுவதும் கோடையை வீட்டுக்குள் கழிக்கும். மற்றொன்று, எங்களிடம் சொல்லாமலே புறப்படும். இரண்டாவதே அதிக அபாயமானது. மாத்திரைகள் வீட்டில் தங்கிவிடும். இன்சுலின் வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடக்கும். துணைக்குச் சென்றவர்களுக்கு நோயின் பெயர்கூடத் தெரிந்திராது. கேள்வியைத் தடுத்தோமே அன்றிப் பயணத்தைத் தடுக்கவில்லை.

பாடாலூர் மக்களுக்கு மலை தொலைவில் இல்லை. துறையூர் வழியாகப் பச்சைமலைக்கு ஏறலாம். அதற்கும் மேற்கே கொல்லிமலை. இன்னும் சென்றால் ஏற்காடு. நெடுஞ்சாலையின் வெக்கையில் வாழும் நமக்கு அந்தக் குளிர்காற்றின் மீது ஆசை எழுவது இயல்பு. நோயாளிக்கு அந்த ஆசை இருத்தலாகாது என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை.

ஆயினும் மலைக்கு மலை வேறுபாடு உண்டு. காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறுவோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். வாந்தி வந்தால் உண்ட மாத்திரையும் வெளியேறக்கூடும். ஆகாய கங்கை அருவிக்குச் செல்லும் நூற்றுக்கணக்கான படிகளில் இறங்குவது எளிது, ஏறுவதே சோதனை. இதய நோய் உள்ளவரும் மூட்டுவலி உள்ளவரும் அறப்பளீசுவரர் கோயில் அளவோடு நின்றுகொள்வதில் குறைவொன்றும் இல்லை. பயன்பாட்டில் உள்ள இன்சுலினை வெப்பத்திலிருந்து காக்க வேண்டும். பனிக்கட்டியின் மீது நேரடியாக வைக்கவும் கூடாது, உறைந்த இன்சுலின் பயன்படாது. நீர் பிரிவதற்கான மாத்திரை உண்போர், வெயிலில் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை முன்னரே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்வோர் இரு முறைகளுக்கு இடைப்பட்ட நாளில் சென்று திரும்பலாம். ஒரு முறையைக்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

காட்டுக்குள் நடப்பதும் கூடாரமிட்டுத் தங்குவதும் வேறு வகை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. உடல்நலம் மிக்க இளைஞர்களும் அதில் தப்பவில்லை. வனத்துறையின் அனுமதியின்றி நோயாளியுடன் காட்டுக்குள் செல்லுதல் எவ்வகையிலும் தகாது. 2024இல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 வழித்தடங்கள் முறைப்படுத்தப்பட்டுள்ளன. நடக்க விரும்பும் இளையோர் அவற்றை நாடலாம். பாம்பு கடித்தால் இறுகக் கட்டாதீர்கள், கீறாதீர்கள்; கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108ஐ அழையுங்கள்.

இனி, கேட்கப்படாத கேள்வி ஒன்று உண்டு. “நான் மட்டும் போய் வரலாமா?” பக்கவாதத்தால் படுத்திருக்கும் கணவரை ஆண்டுக்கணக்கில் கவனிக்கும் மனைவி இதைக் கேட்பதில்லை. கேட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம். கேட்கும் எண்ணமே குற்றம் என்ற உறுத்தல் அதனினும் பெரிது. அவருக்கு எங்கள் விடை தெளிவானது: போய் வாருங்கள். இரண்டு நாள்களுக்கு மகனோ, மைத்துனியோ, அண்டை வீட்டாரோ பொறுப்பேற்கட்டும். உணவூட்டும் முறை, புரட்டிப் படுக்க வைக்கும் நேரம், மாத்திரைகளின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிவைத்து, ஒரு நாள் உடனிருந்து பழக்கிவிட்டுச் செல்லுங்கள். பராமரிப்பவர் ஓய்ந்து விழுந்தால் அந்த வீட்டில் நோயாளிகள் இருவராவர். ஓய்வு எடுப்பது கைவிடுவது ஆகாது என்பதை உறவினர்களும் உணர வேண்டும்.

மலையேற இயலாதவருக்கும் பயணம் உண்டு. நம் ஆலத்தூர் வட்டத்தின் சாத்தனூரில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப்போன, ஏறத்தாழ 18 மீட்டர் நீள மரம் கிடக்கிறது. நண்பகலைத் தவிர்த்து, காலையிலோ மாலையிலோ பெரியவரை அழைத்துச் சென்று பேரப்பிள்ளைகளுடன் அமர வையுங்கள். அதுவும் கோடைப் பயணமே.

ஆகவே, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாக வாருங்கள். எங்கே, எத்தனை நாள், யார் உடன் வருகிறார் என்று சொல்லுங்கள். சிலருக்கு “இப்போது வேண்டாம்” என்றே சொல்ல நேரிடும். அப்போது காரணத்தையும் சொல்வோம். காரணம் சொல்லாமல் மறுக்கும் பழக்கத்தை நாங்கள் விட்டுவிடுகிறோம். சொல்லாமல் புறப்படும் பழக்கத்தை நீங்கள் விட்டுவிடுங்கள்.