கத்திக்கு வாழ்க்கைப்பட்டவளின் பிள்ளையும் பிள்ளையே
காவிரிப் படுகை மக்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், ஒன்றிய அரசுக்கும், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும்:

நாங்கள் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்துக்காரர்கள். சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர்களும், கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவர்களும், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கியவர்களும் எங்களில் உண்டு. எங்களுக்கு ராஜாவும் வேண்டாம், சிம்மாசனமும் வேண்டாம். யார் வாரிசு, யார் வாரிசில்லை என்று அரண்மனையில் அளந்த அதே மரக்கால்தான் இன்றும் எங்கள் வீடுகளில் அளக்கிறது. அதை மாற்றச் சொல்லவே இந்தச் சாசனம்.

நடந்தவை

1. தஞ்சை மராட்டிய அரசர்கள் முறைப்படி மணந்த ராணிகளைத் தவிர, அரசரின் கத்தியை முன்னிறுத்தி மணம் முடிக்கப்பட்ட பெண்களும் அரண்மனையில் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் மகன் பிரதாப சிங். 1739 முதல் 1763 வரை அவர் ஆண்டார். பிறப்பு அப்போது தடையாக இல்லை. ஆனால் 1749-ல், பதவியிழந்த சாகுஜிக்கே உரிமை என்று சொல்லிக்கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனி படையெடுத்தது. கொள்ளிடத்து முகத்துவாரத்தில் தேவிக்கோட்டை கைக்கு வந்ததும் பிரதாப சிங்கையே அரசராக ஏற்றுக்கொண்டது. சாகுஜியின் உரிமை அத்தோடு மறந்துபோனது.

2. 1787-ல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில் சரபோஜியைத் தத்தெடுத்தார். பையன் தன்னைப் பெற்றவருக்கு ஒரே மகன், எனவே தத்து செல்லாது என்று பன்னிரண்டு பண்டிதர்கள் சொல்ல, துளஜாவின் மாற்றாந்தாய்த் தம்பி அமர் சிங் அரசரானார். பின்னர் வேறு ஊர்ப் பண்டிதர்கள் தத்து செல்லும் என்றார்கள். 1798-ல் சரபோஜி அரசரானார். மறுவருஷமே, 1799 ஒப்பந்தத்தில், ஆட்சி முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. சாஸ்திரம் ஒன்றுதான், சிறுவனும் ஒருவன்தான். தீர்ப்பு மட்டும் இரண்டு.

3. 1855 அக்டோபர் 29 அன்று இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். மகள்கள் இருந்தார்கள். மகளை வாரிசாக ஏற்கலாம் என்று கம்பெனியின் ரெசிடென்ட் ஃபோர்ப்ஸ் பரிந்துரைத்தார். பெண்வழி வாரிசுக்குச் சட்டமும் இல்லை, வழக்கமும் இல்லை என்று கம்பெனி மறுத்தது. 1856 அக்டோபர் 18 அன்று சிப்பாய்களோடு அரண்மனைக்குள் நுழைந்து சொத்துகளுக்கு முத்திரை வைத்தது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்று கையை விரித்தது. தனிச் சொத்து 1862-ல்தான் ராணிகளிடம் திரும்பியது.

வழக்கமே இல்லை என்றார்களே, இதே மண்ணைச் சோழ நாடாக 1070 முதல் ஆண்ட முதலாம் குலோத்துங்கன் யார்? ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கதேவியின் பிள்ளை. இதே தஞ்சைச் சிம்மாசனத்தில் 1737-ல் அமர்ந்த சுஜான் பாய் யார்? இரண்டாம் ஏகோஜியின் விதவை.

4. பக்கத்துப் புதுக்கோட்டையில் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியப் பெண் மோலி ஃபிங்க்கை மணந்தார். மறுவருஷம் மகன் பிறந்தான். தாய் வெள்ளைக்காரி என்பதால் அவனை வாரிசாக ஆங்கில அரசு ஏற்கவில்லை. இத்தனைக்கும் அந்தத் தொண்டைமானே மகள் வயிற்றுப் பேரனாகத் தத்தெடுக்கப்பட்டு மன்னரானவர். 1928-ல் அவர் இறந்தபோது பட்டம் வேறொரு சிறுவனுக்குப் போனது.

ஓரிடத்தில் தத்தின் விதி, ஓரிடத்தில் பிள்ளை பெண்ணாகப் பிறந்தது, ஓரிடத்தில் தாயின் நாடு. காரணம் மாறிக்கொண்டே இருந்தது; ஆதாயம் பார்த்தவர் வசதிக்கு அது வளைந்தது. எந்த இடத்திலும் குழந்தையை யாரும் கேட்கவில்லை.

மற்ற ராஜ்ஜியங்கள் மெல்ல மாறுகின்றன. ஸ்வீடனில் 1980 முதல் ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே பட்டம். பிரிட்டன் 2013-ல் சட்டம் இயற்றி 2015-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் மணவுறவுக்கு வெளியே பிறந்தவருக்கு அங்கே இன்னும் இடமில்லை. பெல்ஜியத்தில் அப்படிப் பிறந்த மகள் ஒருவர் நீதிமன்றத்தில் போராடி 2020-ல்தான் இளவரசி ஆனார். ஜப்பானில் இன்றும் ஆணுக்கு மட்டுமே அரியணை.

கோரிக்கைகள்

ஒன்று. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவில் உள்ள ‘உறவுமுறை’ விளக்கம், மணமில்லாமல் பிறந்த பிள்ளையைத் தாய்க்கு மட்டுமே உறவாகக் கொள்கிறது. கத்திக் கல்யாணத்துப் பிள்ளைக்கு அரண்மனையில் இல்லாத தடை இன்றைக்கு எந்த வீட்டிலும் யாருக்கும் இருக்கக்கூடாது. பெற்ற தகப்பன் என்று நிரூபணமானால் அவர் சொத்திலும் பங்கு என்று விளக்கத்தைத் திருத்த வேண்டும்.

இரண்டு. அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு, முன்னாள் மன்னர்கள் இந்திய அரசோடு செய்த உடன்படிக்கைப்படி ஒரே வாரிசுக்குப் போகும் சொத்துகளுக்கு விலக்கு தருகிறது. மன்னர் மானியம் 1971-லேயே ஒழிந்தது. இந்த விலக்கையும் நீக்க வேண்டும்.

மூன்று. செல்லாத மணத்தில் பிறந்த பிள்ளைக்கும், பாகம் பிரித்தால் பெற்றோருக்கு வரக்கூடிய பங்கில் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் தீர்ப்பளித்தது. இரண்டாம் தாரத்துப் பிள்ளையின் பெயர் விட்டுப்போகாதபடி, வாரிசுச் சான்றிதழ் விசாரணைக்குத் தெளிவான எழுத்துமூல நடைமுறையை வருவாய்த் துறை வெளியிட வேண்டும்.

நான்கு. தமிழ்நாடு 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தது. ஆனால் அதற்கு முன் மணமானவரை விட்டுவிட்டது. ஒன்றியச் சட்டத்தின் 2005 திருத்தமும் உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பும் அந்தக் குறையைத் தீர்த்தன. உரிமை ஏட்டில் இருக்கிறது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தாகிக் கரைகிறது. மகள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதியுமுன், சார்பதிவாளர் அவரைத் தனியே அழைத்து, பங்கின் அளவையும் வழிகாட்டி மதிப்பையும் படித்துக்காட்ட வேண்டும். யோசிக்க முப்பது நாள் தர வேண்டும்.

ஐந்து. தஞ்சைப் பெரிய கோயில் உட்பட 88 கோயில்கள் அரண்மனை தேவஸ்தானத்தில் பரம்பரை அறங்காவலரின் கீழ் இருக்கின்றன. பொறுப்பில் இருப்பவர் மேல் எங்களுக்குக் குறையில்லை. விதியைப் பற்றித்தான் பேசுகிறோம். பரம்பரை அறங்காவலர் உள்ள எல்லாக் கோயில்களிலும், ‘வழக்கம்’ என்ற பெயரில் மகளை ஒதுக்க முடியாது என்று அறநிலையத் துறை விதி வகுக்க வேண்டும். பொறுப்பு கைமாறிய வரிசையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

ஆறு. சரபோஜி தம் குலத்தின் வரலாற்றை 1803-ல் பெரிய கோயில் சுவரில் மராத்தியில் வெட்டவைத்தார். அதோடு, வாரிசு வழக்குகள் சம்பந்தமான, மராத்தியின் ‘மோடி’ எழுத்தில் உள்ள ஆவணங்களையும் தமிழாக்கி, பள்ளிப் பிள்ளைகளும் படிக்கும்படி வெளியிட வேண்டும். திருவையாறு ஆற்றங்கரைக் கல்யாண மகாலிலும், தஞ்சை மங்கள விலாசத்திலும் வாழ்ந்த பெண்கள் யார், ஏன் அங்கே வைக்கப்பட்டார்கள் என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும்.

ஏழு. இது அரசுக்கு அல்ல, எங்கள் அப்பாக்களுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும்: நகை போட்டோம், சீர் செய்தோம் என்பதைப் பங்குக் கணக்கில் கழிக்காதீர்கள். சீர் ஆசையோடு கொடுப்பது. பங்கு அவள் பிறந்தபோதே வந்தது.

கையெழுத்து முறை

இதில் கையெழுத்திடுகிறவர், முதலில் தம் வீட்டு வாரிசுகள் அத்தனை பேரின் பெயரையும் எழுத வேண்டும். கட்டிக்கொடுத்த மகள், தத்துப் பிள்ளை, இரண்டாம் தாரத்துப் பிள்ளை, ஊர் அறிந்தும் வீட்டில் பேசாத பிள்ளை எல்லோரும் அந்தப் பட்டியலில் வர வேண்டும். ஒரு பெயர் விடுபட்டாலும் அந்தக் கையெழுத்து செல்லாது.

தஞ்சாவூர்
அக்டோபர் 29